கோணத்தில் இழுக்கும்போது தொகுபயன் விசையைக் காண்பது எப்படி? ஒரு பெட்டிக் கணக்கும் மூன்று விடைகளும்

தேர்வுக்கால அத்தை

அனைவருக்கும் வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கு மாலை நேரங்களில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான் படித்தது வணிகவியல். ஆகவே சொல்லிக்கொடுக்கிறேன் என்பதைவிட அவளோடு சேர்ந்து நானும் கற்கிறேன் என்பதே சரி. கீழே உள்ள கணக்கில் மூன்று நாள்களாக இருவரும் சிக்கிக்கொண்டிருக்கிறோம்.

கிடைத்தளத் தரையில் 20 கிலோகிராம் நிறையுள்ள பெட்டி ஒன்று இருக்கிறது. கிடைமட்டத்துக்கு மேலே 30° சாய்ந்த கயிற்றால் அதை 100 நியூட்டன் விசையுடன் இழுக்கிறார்கள். தரைக்கும் பெட்டிக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.4 (ஓய்வு நிலைக்கும் இயக்க நிலைக்கும் இதே மதிப்பு). புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று கொண்டு, பெட்டியின் மீதான தொகுபயன் விசையையும் (எல்லா விசைகளும் சேர்ந்து தரும் நிகர விசை) முடுக்கத்தையும் காண வேண்டும்.

அவளுக்கு வந்த தொகுபயன் விசை 21.6 நியூட்டன். கோணத்தைக் கணக்கில் எடுக்கவில்லையே என்று சொல்லி நான் செய்து பார்த்தபோது 8.2 நியூட்டன் வந்தது. விடைப்பட்டியலில் 28.2 நியூட்டன் என்று இருக்கிறது. கயிறு சாய்ந்திருப்பதால் இழுப்பின் ஒரு பகுதி வீணாகிறது என்றால், நேராக இழுப்பதாக அவள் போட்ட கணக்கைவிட விடை எப்படி அதிகமாக வர முடியும்? அச்சுப் பிழையாக இருக்குமோ என்றும் ஐயமாக இருக்கிறது.

---

பழைய வாத்தியார்

அச்சுப் பிழை இல்லை, அம்மா, 28.2 என்பதே சரி. ஆனால் நீங்கள் இருவரும் செய்த பிழைகள் மிகவும் பயனுள்ளவை. முப்பது ஆண்டுகளாக விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கணக்கில் தவறு செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு விடைகளில் ஒன்றைத்தான் எழுதுவார்கள்.

உங்கள் மருமகள் 100 நியூட்டனையும் முழுமையாக முன்னோக்கிய விசை என்று எடுத்துக்கொண்டு, பெட்டியின் எடையான 20 × 9.8 = 196 நியூட்டனை 0.4 ஆல் பெருக்கி வந்த 78.4 நியூட்டனைக் கழித்திருக்கிறாள். நீங்கள் அடுத்த படிக்குச் சென்று, 100 × காஸ் 30° = 86.6 நியூட்டன் மட்டுமே முன்னோக்கிச் செயல்படுகிறது என்று சரியாகப் பகுத்துவிட்டு, அதிலிருந்து மீண்டும் அதே 78.4 நியூட்டனைக் கழித்திருக்கிறீர்கள். முன்னோக்கிய கூறைக் கண்டுபிடித்த நீங்கள் மேல்நோக்கிய கூறைக் கைவிட்டுவிட்டீர்கள். பிழை அவ்வளவுதான்.

சாய்ந்த கயிறு பெட்டியை முன்னே இழுப்பதோடு சற்று மேலே தூக்கவும் செய்கிறது. மேல்நோக்கிய கூறு 100 × சைன் 30° = 50 நியூட்டன். பெட்டி தரையை விட்டு எழும்பவில்லை. ஆகவே செங்குத்துத் திசையில் விசைகள் ஒன்றையொன்று சமன் செய்தாக வேண்டும். கீழ்நோக்கி 196 நியூட்டன் எடை; மேல்நோக்கிக் கயிறு தரும் 50 நியூட்டன்; மீதி 146 நியூட்டனைத் தரை கொடுக்கிறது. இந்த 146 நியூட்டன்தான் செங்குத்து விசை. உராய்வு பெட்டியின் எடையைப் பார்த்து வருவதில்லை, தரையும் பெட்டியும் எவ்வளவு அழுந்தியிருக்கின்றன என்பதைப் பார்த்தே வருகிறது. எனவே உராய்வு விசை 0.4 × 146 = 58.4 நியூட்டன், தொகுபயன் விசை 86.6 − 58.4 = 28.2 நியூட்டன், முடுக்கம் அதை 20 ஆல் வகுத்து, வினாடிக்கு வினாடி 1.41 மீட்டர்.

நேராக இழுப்பதைவிட விடை எப்படி அதிகம் என்று கேட்டீர்கள். சாய்த்ததால் முன்னோக்கிய விசையில் 13.4 நியூட்டன் இழந்தீர்கள். உராய்வில் 20 நியூட்டன் குறைந்தது. இழப்பைவிட ஆதாயம் பெரிது. கனமான டிரம்மையோ மூட்டையையோ கயிறு கட்டி இழுப்பவர்கள் கயிற்றைத் தோள்மீது போட்டு இழுப்பதை மருமகளைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

---

தேர்வுக்கால அத்தை

மிக்க நன்றி ஐயா. செங்குத்து விசை என்றாலே எடை என்று மனத்தில் பதிந்துவிட்டதுதான் எங்கள் பிழை என்பது இப்போது புரிகிறது.

அதே முறையில் அடுத்த கணக்கையும் செய்தோம். அதே பெட்டியை அதே 100 நியூட்டன் விசையால், கிடைமட்டத்துக்குக் கீழே 30° சாய்வாகத் தள்ளினால் என்ன ஆகும் என்பது கேள்வி. இப்போது 50 நியூட்டன் கீழ்நோக்கி அழுத்துவதால் செங்குத்து விசை 196 + 50 = 246 நியூட்டன், உராய்வு 0.4 × 246 = 98.4 நியூட்டன், தொகுபயன் விசை 86.6 − 98.4 = −11.8 நியூட்டன் என்று வருகிறது. தள்ளினால் பெட்டி பின்னோக்கி வரும் என்று பொருளா? அவள் சிரித்துக்கொண்டே, "அத்தை, பெட்டி நம்மையே திருப்பித் தள்ளுகிறது" என்கிறாள்.

---

செங்கோணம்

அந்தச் சிரிப்பே பாதி விடை. தள்ளுபவரைப் பெட்டி திருப்பி முடுக்கிக்கொண்டு வருவதை யாரும் பார்த்ததில்லை. ஆகவே கணக்கில் எங்கோ ஒரு கருதுகோள் பிசகியிருக்கிறது.

98.4 நியூட்டன் என்பது உராய்வு தரக்கூடிய உச்ச வரம்பு. உராய்வு எப்போதும் அவ்வளவையும் கொடுத்தே தீரும் என்பது இல்லை. ஓய்வில் இருக்கும் பெட்டியை 86.6 நியூட்டன் முன்னோக்கித் தள்ளினால், உராய்வு சரியாக 86.6 நியூட்டனுடன் எதிர்த்து நின்றுவிடும்; தொகுபயன் விசை சுழி; பெட்டி அசையாது. நீங்கள் 20 நியூட்டன் தந்தால் அதுவும் 20 நியூட்டன்தான் தரும்.

அந்த −11.8 நியூட்டன் முற்றிலும் பொருளற்ற எண்ணும் அல்ல. பெட்டி ஏற்கெனவே முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்போது இப்படித் தள்ளினால், இயக்க உராய்வு முழு 98.4 நியூட்டனையும் கொடுக்கும். அப்போது தொகுபயன் விசை பின்னோக்கி 11.8 நியூட்டன், பெட்டி வேகம் குறைந்து நிற்கும். நின்ற கணத்திலிருந்து உராய்வு மீண்டும் 86.6 நியூட்டனுக்கு இறங்கிவிடும். ஆகவே இத்தகைய கணக்கில் முதலில் எழுத வேண்டிய வரி, "பெட்டி நகர்கிறதா, நிற்கிறதா?" என்பதே. முதல் கணக்கில் 86.6 நியூட்டன் 58.4 நியூட்டனை மிஞ்சியதால் பெட்டி நகர்ந்தது; அதையும் ஒரு வரியில் எழுதிக் காட்டுவது நல்லது.

---

கணிப்பான் காதலன்

ஒரு சிறு கேள்வி. நான் இதைக் கணினி விரிதாளில் போட்டுப் பார்த்தேன். முன்னோக்கிய கூறு 15.4 நியூட்டன் என்றும், மேல்நோக்கிய கூறு −98.8 நியூட்டன் என்றும் வருகிறது. மேல்நோக்கி இழுக்கும் கயிறு கீழே அழுத்துகிறதா? சூத்திரத்தைப் பல முறை சரிபார்த்துவிட்டேன்.

---

செங்கோணம்

விரிதாள் உங்கள் 30 என்ற எண்ணை டிகிரி என்று கொள்ளாமல், கோணத்தின் இன்னோர் அலகான ரேடியன் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 30 ரேடியனின் காஸ் 0.154, சைன் −0.988. கோணத்தை 3.14159 ஆல் பெருக்கி 180 ஆல் வகுத்துவிட்டுப் பிறகு காஸ், சைன் காணுங்கள். முதல் காற்பகுதிக் கோணம் ஒன்றுக்குக் குறை எண் வந்தாலே ரேடியன் குழப்பம் என்று ஐயப்படலாம்.

---

யாழ்ப்பாணத்துக் கணிதம்

நான் இலங்கையில் உயர்தர வகுப்பு மாணவருக்கு இணைந்த கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் பாடநூல்களில் தொகுபயன் விசையை விளையுள் என்றும், வெக்டரைக் காவி என்றும், தரை தரும் செங்குத்து விசையைச் செவ்வன் மறுதாக்கம் என்றும் எழுதுவோம். சொற்கள் மாறினாலும் மாணவர் வழுக்கும் இடம் கடலின் இரு கரையிலும் ஒன்றுதான் என்பதை இந்த இழையை வாசிக்கும்போது காண்கிறேன்.

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். "கிடைக்கூறுக்குக் காஸ், நிலைக்கூறுக்குச் சைன்" என்று மனனம் செய்யும் பழக்கத்தை நான் வகுப்பில் முதல் நாளே முறித்துவிடுவேன். கோணம் எந்தக் கோட்டிலிருந்து அளக்கப்பட்டதோ அந்தக் கோட்டின் வழியே உள்ள கூறுக்குத்தான் காஸ் வரும். வினாவில் "நிலைக்குத்துடன் 30° அமைக்கும் கயிறு" என்று ஒரு சொல்லை மாற்றிவிட்டால் காஸ் மேல்நோக்கிய கூறுக்குப் போய்விடும். அதே பெட்டியில் மேல்நோக்கிய கூறு 86.6 நியூட்டன் ஆகிவிடும், முன்னோக்கிய கூறு 50 நியூட்டனாகச் சுருங்கிவிடும். அப்போது செவ்வன் மறுதாக்கம் 109.4, உராய்வு 43.8, விளையுள் 6.2 நியூட்டன் மட்டுமே. ஒரே எண்கள், ஒரே கயிறு. கோணம் அளந்த கோடு மாறியதால் 28.2 நியூட்டன் 6.2 நியூட்டன் ஆகிறது.

சாய்தளத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சாய்தளத்தில் தளத்தின் வழியே எடையின் கூறுக்குச் சைன் ஏன் வருகிறது என்று ஆண்டுதோறும் கேட்பார்கள். சாய்வுக் கோணம் தளத்துக்கும் கிடைக்கும் இடையே அளக்கப்பட்டது. எடை நிலைக்குத்தாகச் செயற்படுகிறது. நிலைக்குத்துக்கும் தளத்தின் செங்குத்துக்கும் இடையேதான் அதே கோணம் மீண்டும் தோன்றுகிறது. ஆகவே தளத்துக்குச் செங்குத்தான கூறுக்குக் காஸ் வருகிறது, தளத்தின் வழியே சைன் மிஞ்சுகிறது. இந்த வடிவியலை மறந்துவிட்டால், கோணத்தைச் சுழி என்று வைத்துப் பாருங்கள். சாய்வே இல்லாத தளத்தில் பொருள் தானாக வழுக்காது. ஆகவே தளத்தின் வழியேயான கூறு சுழியாக வேண்டும். சுழிக்குச் சுழியைத் தருவது சைன். கயிற்றுக்கும் இதே சோதனை பொருந்தும்: கயிறு முழுதும் கிடையாக இருந்தால் தூக்கும் கூறு இருக்கக் கூடாது. பரீட்சை மண்டபத்தில் இதற்கு ஐந்து விநாடி போதும்.

---

மூலைவிட்டம்

இங்கே எல்லாரும் கூறுகளாகப் பகுப்பதையே ஒரே வழி என்பதுபோல் பேசுகிறீர்கள். இரண்டு விசைகள் மட்டும் இருக்கும்போது இணைகர விதி போதுமே? இரண்டு விசைகளின் வர்க்கங்களைக் கூட்டி, அவற்றின் பெருக்கற்பலனின் இருமடங்கை இடைக்கோணத்தின் காஸால் பெருக்கிச் சேர்த்து, வர்க்கமூலம் எடுத்தால் ஒரே வரியில் விடை கிடைக்கும். அச்சுகள் வரைந்து, நான்கு எண்கள் கண்டு, கூட்டி, மீண்டும் வர்க்கமூலம் எடுப்பது சுற்றுவழி என்று எனக்குத் தோன்றுகிறது. மேலும் இணைகரத்தை அளவுகோலும் கோணமானியும் கொண்டு வரைந்து பார்த்த மாணவனுக்குக் கிடைக்கும் உணர்வு, கூறுகளின் அட்டவணையை நிரப்புபவனுக்குக் கிடைக்காது.

---

பழைய வாத்தியார்

வரைந்து பார்க்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். விசைகளின் இணைகர விதியை நியூட்டன் தம் நூலில் வைத்த 1687ஆம் ஆண்டிலேயே பிரான்சில் வரிஞ்ஞோன், லாமி ஆகிய இருவரும் அதே கருத்தைத் தத்தம் நூல்களில் வெளியிட்டார்கள். நம் பிள்ளைகள் படிக்கும் லாமியின் தேற்றத்துக்குப் பெயர் தந்தவர் அந்த லாமிதான். அப்போது எல்லாமே வரைபடத்தில்தான் நடந்தது.

ஆனால் உங்கள் சூத்திரத்தில் இரண்டு இடங்களில் மாணவர் வழுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். கணிதப் பாடத்தில் முக்கோணத்துக்குப் படிக்கும் கொசைன் விதியில் அதே உறுப்புக்குக் கழித்தல் குறி வரும். இணைகர விதியில் கூட்டல் குறி வரும். விசைகளை வால் முதல் தலையாக அடுக்கி முக்கோணம் வரைந்தால், முக்கோணத்தின் உட்கோணம் இடைக்கோணத்தின் மிகைநிரப்புக் கோணம். அதன் காஸ் குறி மாறிவருவதால் இரண்டும் ஒன்றே. படம் வரைந்தவனுக்கு இது தெரியும்; சூத்திரத்தை மட்டும் சுமந்தவன் குறியை மாற்றிப் போட்டுவிட்டு, இரண்டு பேர் ஏறத்தாழ ஒரே பக்கம் இழுக்கும்போது தொகுபயன் விசை கிட்டத்தட்டச் சுழி என்று எழுதிவைப்பான்.

அடுத்த இடம்: பெட்டியின் மீது இரண்டு விசைகளா இருக்கின்றன? கயிறு, எடை, தரையின் செங்குத்து விசை, உராய்வு என நான்கு. அவற்றில் இரண்டின் அளவு முன்கூட்டியே தெரியாது. இணைகரத்தை இரண்டிரண்டாக வரைந்துகொண்டே போகலாம்தான். ஆனால் அளவே தெரியாத விசைக்கு எதை வரைவீர்கள்?

---

மூலைவிட்டம்

ஏற்றுக்கொள்கிறேன். பெட்டிக் கணக்கைப் பொறுத்தவரை என் வழி உதவாது. இரண்டே விசைகள் உள்ள கணக்குக்கு மட்டும் என் கட்சியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

---

தேரடி

மூலைவிட்டம் அவர்களின் கட்சிக்கு ஏற்ற கணக்கு ஒன்று எங்கள் ஊரில் ஆண்டுக்கொருமுறை வீதியில் நடக்கிறது. தேரை இரண்டு வடம் கட்டி இழுக்கும்போது, கூட்டம் பெருகப் பெருக இரண்டு வடங்களும் விரிந்துகொண்டே போகும். முன்னே நிற்கும் பெரியவர்கள் "வடத்தை ஒடுக்குங்கள், ஒடுக்குங்கள்" என்று கத்துவார்கள். சிறு வயதில் அது ஒழுங்குக்காகச் சொல்லும் சொல் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் அது காஸ் என்று தெரிந்தது.

இரண்டு வடத்திலும் சமமான விசை இருந்து, இடைக்கோணம் 20° ஆக இருந்தால், தொகுபயன் விசை ஒரு வடத்தின் விசையைப் போல 1.97 மடங்கு, ஏறத்தாழ எதுவும் வீணாகவில்லை. 60° விரிந்தால் 1.73 மடங்கு. 90° விரிந்தால் 1.41 மடங்கு. 120° விரிந்துவிட்டால் சரியாக ஒரு மடங்கு: இரண்டு வடத்தில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து ஒரே வடத்தின் வேலையைத்தான் செய்கிறார்கள். அதற்கும் மேலே விரிந்தால் ஒரு வடத்தை அவிழ்த்துவிட்டு மற்றதை நேராக இழுப்பதே மேல்.

என்னை உண்மையில் வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. இடது வடத்தில் 5000 நியூட்டன், வீதியின் நடுக்கோட்டிலிருந்து 10° இடப்புறம் விலகி; வலது வடத்தில் 4000 நியூட்டன், 15° வலப்புறம் விலகி என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை). தேரின் மீது வடங்கள் தரும் தொகுபயன் விசை எந்தப் பக்கம் சாயும்? நண்பர்கள் பத்துப் பேரைக் கேட்டேன். பத்துப் பேரும் அதிக விசை உள்ள இடப்பக்கம் என்றார்கள். கணக்கு போட்டால் முன்னோக்கி 4924 + 3864 = 8788 நியூட்டன்; இடப்புறம் 868 நியூட்டன், வலப்புறம் 1035 நியூட்டன்; மிச்சம் வலப்புறம் 167 நியூட்டன். குறைவாக இழுப்பவர்கள் பக்கமே விசை சாய்கிறது, ஏனென்றால் அவர்கள் அதிகம் விலகி நிற்கிறார்கள்.

---

மூலைவிட்டம்

என் ஒற்றை வரிச் சூத்திரத்தில் 5000, 4000, இடைக்கோணம் 25° என்று போட்டால் 8789 நியூட்டன் வருகிறது. உங்கள் 8788 நியூட்டனையும் 167 நியூட்டனையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தாலும் அதேதான். ஆனால் விசை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை என் சூத்திரம் தானாகச் சொல்லவில்லை. அதற்கு வேறொரு சூத்திரம் தேடிப் போக வேண்டியிருந்தது. கூறுகள் முறையில் அது வழியிலேயே கிடைத்துவிட்டது. இன்று இரண்டாவது முறையாகத் தோற்கிறேன்.

---

செங்கோணம்

தேரடி அவர்களே, கணக்கு அருமை. ஆனால் 167 நியூட்டன் வலப்புறம் என்பதால் தேர் வலப்புறம் திரும்பிவிடும் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு பொருள் திரும்புமா என்பதைத் தொகுபயன் விசை மட்டும் தீர்மானிப்பதில்லை. விசைகள் எந்தப் புள்ளியில் பூட்டப்பட்டிருக்கின்றன என்பதும், அவை உண்டாக்கும் திருப்புத்திறனும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இரண்டு வடங்களும் தேரின் முன்புறம் வெவ்வேறு இடங்களில் பூட்டியிருந்தால், வலுவான இடது வடம் தேரைத் தன் போக்கில் சுழற்றப் பார்க்கலாம். அதோடு, தேர்க்கால்கள் உருளும் திசைக்குக் குறுக்கே தள்ளினால் தரையின் உராய்வு அதை எதிர்க்கும். 167 நியூட்டன் அந்த உராய்வுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நம் கணக்கு வடங்களின் கூட்டு விசைக்கு மட்டுமே உரியது.

---

தேரடி

முற்றிலும் உண்மை. தேரைத் திருப்பும் வேலை வடத்தைவிட முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கையில்தான் இருக்கிறது. எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கணத்தில், எந்தச் சாய்வில் கட்டையைக் கொடுப்பது என்பது அவர்கள் கலை. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் உடையது என்பார்கள். அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் செய்து தந்த இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. அவ்வளவு எடையை வடத்தின் பக்கவாட்டுக் கூறு திருப்பிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை.

---

தம்மாம் ரிக்கர்

சவூதியில் கிரேன் தளத்தில் ரிக்கராக (கிரேன் தூக்க வேண்டிய சுமைகளைக் கட்டிக் கொடுப்பவராக) இருக்கிறேன். தேரடி அவர்கள் எழுதிய 1.41 மடங்கு, ஒரு மடங்கு என்ற எண்களைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் பயன்படுத்தும் இரண்டு கால் செயின் ஸ்லிங்கின் (சுமையைக் கிரேன் கொக்கியில் தொங்கவிடும் இரட்டைச் சங்கிலியின்) தகட்டில் அதே எண்கள்தான் ஒளிந்திருக்கின்றன. ஐரோப்பிய முறைத் தகட்டில் 0° முதல் 45° வரைக்கும் ஒரு பளு, 45° முதல் 60° வரைக்கும் ஒரு பளு என்று இருக்கும். முதலாவது ஒற்றைக் கால் தாங்கும் பளுவைப்போல 1.4 மடங்கு, இரண்டாவது ஒரு மடங்கு. இங்கே கோணம் செங்குத்திலிருந்து அளக்கப்படுகிறது; ஆகவே 45° என்றால் கால்களுக்கு இடையே 90°, 60° என்றால் இடையே 120°. தேர் வீதியிலே இருக்கும் கணக்கு எங்கள் தகட்டில் தலைகீழாகத் தொங்குகிறது.

யாழ்ப்பாணத்து ஆசிரியர் சொன்ன ஆபத்து எங்கள் தொழிலில் உயிரோடு விளையாடுவது. வேறு சில அட்டவணைகளில் கோணம் கிடைமட்டத்திலிருந்து அளக்கப்படும். 2 டன் சுமையை இரண்டு காலில் தூக்குவதாகக் கொள்ளுங்கள். கால்கள் கிடைமட்டத்துடன் 60° நின்றால் ஒவ்வொரு காலிலும் 1.155 டன். 45° ஆனால் 1.41 டன். 30° ஆனால் ஒவ்வொரு காலிலும் முழு 2 டன். 15° வரை படுத்துவிட்டால் 3.86 டன். ஒருவர் "60 டிகிரி" என்று கத்த, மற்றவர் அதைச் செங்குத்திலிருந்து புரிந்துகொண்டால், 1.155 டன்னுக்கும் 2 டன்னுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு பேரின் தலைக்கு மேலே தொங்கும். நான் முன்பு இருந்த ஒரு தளத்தில் இப்படி ஒரு குழப்பம் தூக்குவதற்கு முன்னால் பிடிபட்டது. அன்றிலிருந்து கோணத்தை வாயால் சொல்லும்போது "செங்குத்திலிருந்து" அல்லது "தரையிலிருந்து" என்று சேர்த்துச் சொல்லாமல் விடுவதில்லை.

சுமை அசையாமல் தொங்கும்போது தொகுபயன் விசை சுழிதான். ஆனால் சுழி என்பதால் ஸ்லிங்கில் விசை இல்லை என்று பொருளல்ல. இரண்டு கால்களின் பக்கவாட்டுக் கூறுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கால்களோ அந்த முழு இழுவையையும் தாங்கியாக வேண்டும்.

---

தேர்வுக்கால அத்தை

ரிக்கர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு மருமகள் மொட்டைமாடிக் கொடிக்கயிற்றைப் பார்த்து ஒரு கணக்கு போட்டாள். நடுவில் 2 கிலோகிராம் ஈரப் போர்வையைத் தொங்கவிட்டால், கயிறு இரு பக்கமும் கிடைமட்டத்திலிருந்து 5° தாழ்கிறது என்று வைத்துக்கொண்டாள். எடை 19.6 நியூட்டன், கயிற்றின் இழுவிசை அதை 2 × சைன் 5° ஆல் வகுக்க, 112 நியூட்டன் வருகிறது. போர்வையின் எடையைப்போல ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவு. கயிற்றை இன்னும் இறுக்கி, கொஞ்சம்கூடத் தாழாமல் கட்ட முடியாதா என்று கேட்டாள். என்னால் விடை சொல்ல முடியவில்லை.

---

யாழ்ப்பாணத்துக் கணிதம்

முடியாது என்பதை அவளுடைய சமன்பாடே சொல்கிறது. கோணம் சுழியை நெருங்க நெருங்கச் சைனும் சுழியை நெருங்கும். வகுக்கும் எண் சுழியை நெருங்கினால் இழுவை எல்லையின்றி ஏறும். முற்றிலும் கிடையான கயிற்றுக்கு மேல்நோக்கிய கூறே இல்லை. போர்வையைத் தாங்குவதற்கு மேல்நோக்கிய கூறு கட்டாயம் வேண்டும். ஆகவே கயிறு சற்றாவது தாழும், அல்லது அறும், அல்லது கட்டியிருக்கும் கம்பம் சாயும்.

---

கணிப்பான் காதலன்

ரேடியன் பிழையைத் திருத்திவிட்டேன், நன்றி. அதன் பிறகு பெட்டியைச் சீரான வேகத்தில் இழுத்துச் செல்லத் தேவையான விசை எந்தக் கோணத்தில் மிகக் குறைவு என்று விரிதாளில் ஓட்டிப் பார்த்தேன். நேராக இழுத்தால் 78.4 நியூட்டன் தேவை. 30° சாய்வில் 73.5, 45° சாய்வில் 79.2, அதாவது நேராக இழுப்பதைவிடச் சற்று அதிகம். 60° சாய்வில் 92.6, 90° என்றால் பெட்டியையே தூக்க வேண்டும் என்பதால் 196. மிகக் குறைவு 72.8 நியூட்டன், அது 22°க்குச் சற்றுக் குறைவான கோணத்தில் வருகிறது. அந்தக் கோணத்தின் டேன் 0.4, உராய்வுக் குணகமும் 0.4. இது தற்செயலா?

இன்னொரு சிக்கல். வேறொரு கணக்கில் கிழக்கே 30 நியூட்டன், கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக 150° திசையில் 50 நியூட்டன், தெற்கே 20 நியூட்டன் என மூன்று விசைகள். கிழக்குக் கூறு −13.3, வடக்குக் கூறு 5 என்று வந்தது. திசைக்கு நேர்மாறு டேன் எடுத்தால் −20.6° என்கிறது. அப்படியென்றால் கிழக்குக்கும் தெற்குக்கும் நடுவிலா?

---

பழைய வாத்தியார்

தற்செயல் அல்ல. தேவையான விசை, உராய்வுக் குணகத்தையும் எடையையும் பெருக்கி, "காஸ் கோணம் + குணகம் × சைன் கோணம்" என்ற தொகையால் வகுத்து வருவது. அந்தத் தொகை பெரிதாக இருக்கும்போது விசை சிறிதாகும். அதன் உச்சம் டேன் கோணம் குணகத்துக்குச் சமமாகும் இடத்தில் அமைகிறது. வழவழப்பான தரையில் குணகம் குறைவு, ஆகவே சிறந்த கோணமும் சிறிது. சொரசொரப்பான தரையில் கயிற்றை இன்னும் தூக்கிப் பிடிக்க வேண்டும். உராய்வே இல்லாத தரையில் நேராக இழுப்பதே மேல் என்பதும் இதிலிருந்தே வருகிறது. 22° முதல் 30° வரை வேறுபாடு ஒரு நியூட்டன்கூட இல்லை என்பதையும் கவனியுங்கள். கோணமானி வைத்துக்கொண்டு மூட்டை இழுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது சிக்கலுக்கு: கணிப்பான் 5ஐ −13.3 ஆல் வகுத்த பிறகு, குறை எண் மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்பதை மறந்துவிடுகிறது. கிழக்குக் கூறு குறை, வடக்குக் கூறு மிகை. ஆகவே விசை வடமேற்குக் காற்பகுதியில் இருக்கிறது. −20.6° உடன் 180° கூட்டி 159.4° என்று எழுத வேண்டும், அளவு 14.2 நியூட்டன். கூறுகளை ஒரு சிறு படத்தில் குறித்துவிட்டுப் பிறகு கணிப்பானைத் தொட்டால் இந்தத் தவறு வராது.

---

தேர்வுக்கால அத்தை

தேர்க் கணக்கை மருமகள் யாருடைய உதவியும் இல்லாமல் செய்து முடித்தாள். முதலில் படம், பிறகு ஒவ்வொரு கோணத்தின் பக்கத்திலும் "நடுக்கோட்டிலிருந்து" என்று ஒரு சொல், அதன் பிறகே காஸ், சைன். விடையை "8789 நியூட்டன், −1.1°" என்று எழுதியிருக்கிறாள். தேர்வில் இது போதுமா?

---

பழைய வாத்தியார்

அளவு சரி. திசையை "வீதியின் நடுக்கோட்டிலிருந்து 1.1° வலப்புறம்" என்று எழுதச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்தை மிகை என்று வைத்தாள் என்பது அவள் படத்துக்குத் தெரியும், திருத்துகிறவருக்குத் தெரியாது.